வேகத்திலிருந்து நிதானத்திற்கு: மோட்டோகிராஸ் ஓட்டியவர் பழைய ட்ரயல்ஸ் வண்டி வாங்கும்போது

ஒருவர் ஒரு பொருளை வாங்கக் கடன் கேட்டு வரும்போது நாம் முதலில் கேட்பது, அது எதற்குப் பயன்படப் போகிறது என்பதே. விலை, வட்டி, தவணை எல்லாம் அதற்குப் பின்னரே. வீட்டுக்கும் கடைக்கும் பொருந்தும் இந்தக் கேள்வி விளையாட்டு மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும்.

மோட்டோகிராஸ் களத்தில் சில ஆண்டுகள் ஓட்டிய ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வயது நாற்பதை நெருங்குகிறது. ஒருமுறை காறை எலும்பு முறிந்து பல வாரங்கள் பணிக்குச் செல்ல இயலவில்லை. வண்டியை விட்டுவிட மனமில்லை. மீண்டும் அவ்வாறு விழவும் துணிவில்லை. இத்தகையோர்க்கு ஏற்ற மாற்றாக அமைவது ட்ரயல்ஸ் என்னும் விளையாட்டு. புதிய வண்டிக்குச் செலவு மிகுதி என்பதால் பழைய வண்டியைத் தேடுவது இயல்பு. அந்தத் தேடலில் கருத வேண்டியவற்றை இங்குக் காண்போம்.

இரண்டு விளையாட்டுகள், இரண்டு கணக்குகள்

மோட்டோகிராஸில் பலர் ஒரே நேரத்தில் புறப்பட்டு, மேடும் பள்ளமுமான மண் தடத்தைப் பலமுறை சுற்றி வருகின்றனர். முந்தி வருபவர் வெல்கிறார். ட்ரயல்ஸிலோ கடிகாரத்தைவிடக் கால்களே முக்கியம். பாறை, ஓடை, மரவேர், செங்குத்துச் சரிவு ஆகியவற்றின் ஊடே சிறு சிறு பகுதிகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொருவராக அவற்றைக் கடக்க வேண்டும். காலைத் தரையில் ஒருமுறை ஊன்றினால் 1 புள்ளி, இருமுறை ஊன்றினால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ 5. இவை யாவும் தண்டப் புள்ளிகள். குறைவாகப் பெற்றவரே வெற்றியாளர்.

பெரும்பாலும் நடைவேகத்திலேயே ஓட்டுவதால், வேகத்தில் தூக்கி எறியப்படும் ஆபத்து இதில் குறைவு. ஆபத்தே இல்லை என்று பொருளல்ல. கணுக்காலும் மணிக்கட்டும் பாறையில் அடிபடலாம். தலைக்கவசமும் உயரக் காலணியும் இங்கும் கட்டாயம். ஆயினும் வயது இதில் பெருந்தடையன்று. 1986இல் பிறந்த ஸ்பெயின் வீரர் டோனி பௌ, 2007 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் உலக ட்ரயல்ஸ் பட்டத்தை வென்றுள்ளார்.

மறக்க வேண்டியதும் கற்க வேண்டியதும்

மோட்டோகிராஸ் ஓட்டியவர்க்குச் சமநிலையும் துணிவும் ஏற்கெனவே உண்டு. இடையூறாக நிற்பவை அவருடைய பழக்கங்களே. வளைவில் இருக்கையில் அமர்ந்து உட்புறக் காலை நீட்டுவது மோட்டோகிராஸின் அடிப்படைப் பாடம். ட்ரயல்ஸில் அந்தக் கால் தரையைத் தொட்டால் ஒரு புள்ளி போயிற்று. இங்கு எப்போதும் நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். வண்டியை வளைவின் உட்புறம் சாய்த்து, உடலை நிமிர்த்தி, வெளிப்புறக் கால்மிதியில் எடையை வைக்க வேண்டும்.

ஆக்சிலரேட்டரை முழுதும் திருகும் பழக்கத்தையும் விட வேண்டியிருக்கும். ட்ரயல்ஸில் என்ஜின் பெரும்பாலும் மெதுவாகவே சுழலும். ஒரு விரல் கிளட்சிலும் ஒரு விரல் முன்பிரேக்கிலும் ஓயாமல் இருக்கும். சமதளத்தில் முதல் கியரில், இயன்ற அளவு மெதுவாக, எட்டு வடிவில் சுற்றிப் பழகுவதே முதற்பயிற்சி. பத்து நிமிடம் இதைச் செய்து பார்த்தால், வேகம் எத்தனை பிழைகளை மறைத்து வந்தது என்பது விளங்கும்.

இப்பயிற்சிக்குத் தனி வண்டி உடனே வேண்டியதில்லை. 2019 முதல் நம் நாட்டில் விற்பனையாகும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போன்ற, சாலைப் பதிவு பெற்ற வண்டியிலேயே தொடங்கலாம். அதன் எடை 150 கிலோவுக்கு மேல்; ட்ரயல்ஸ் வண்டியைப் போல இரு மடங்கு. பாறைமேல் தாவ அது உதவாது. ஆனால் கிளட்ச், சமநிலை, மெதுவான திருப்பம் ஆகியவற்றை அது நன்கு கற்பிக்கும். சில மாதங்களுக்குப் பின்னும் ஆர்வம் குறையவில்லை என்றால் மட்டுமே அடுத்த செலவைப் பற்றி எண்ணலாம்.

வண்டியின் இயல்பு

மோட்டோகிராஸ் வண்டியையே சிறிது மாற்றி ட்ரயல்ஸுக்குப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அது பயன் தராது. மோட்டோகிராஸ் வண்டி ஏறத்தாழ 100 கிலோ எடையும் 300 மில்லிமீட்டர் அளவு சஸ்பென்ஷன் அசைவும் கொண்டது. உயரத்திலிருந்து குதித்து இறங்க அது தேவை. ட்ரயல்ஸ் வண்டியின் எடை 70 கிலோ அளவே. சஸ்பென்ஷன் அசைவு ஏறத்தாழ 170 மில்லிமீட்டர். இருக்கை என்று சொல்லத்தக்கது அதில் இல்லை. ஹேண்டில்பார் மிக அகலமாகத் திரும்பும். மெல்லிய டயர்களில் காற்று மிகக் குறைவாக இருக்கும். பின் டயரில் 4 பி.எஸ்.ஐ. அளவே போதும். மோட்டோகிராஸ் வண்டியின் ரேடியேட்டர் எதிர்க்காற்றை நம்பியது. நடைவேகத்தில் அது சூடேறித் தவிக்கும். ட்ரயல்ஸ் வண்டிக்கு அதற்கெனவே விசிறி உண்டு.

பயனுக்கு ஏற்ற வண்டி எது என்பதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. பெல்ஃபாஸ்டில் பிறந்த சாமி மில்லர், 500 சிசி ஏரியல் வண்டியில் புகழ்பெற்றவர். 1964இல் அதை விட்டு, பார்சிலோனா அருகிலிருந்த புல்டாகோ நிறுவனத்துடன் இணைந்து, எடை குறைந்த இரண்டு-ஸ்ட்ரோக் வண்டியொன்றை உருவாக்கினார். 1965இல் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரயல்ஸ் போட்டியில் அதைக் கொண்டே வென்றார். பெரிய என்ஜினைவிட இலகுவான வண்டியே இவ்விளையாட்டுக்கு ஏற்றது என்பதை அந்த வெற்றி உலகுக்குக் காட்டியது.

இன்று மாண்டேசா, காஸ் காஸ், ஷெர்கோ, பீட்டா ஆகியவை அறியப்பட்ட பெயர்கள். என்ஜின்கள் பொதுவாக 125, 250, 300 சிசி அளவுகளில் கிடைக்கின்றன. மோட்டோகிராஸிலிருந்து வருபவர் மனம் 300ஐ நாடும். மென்மையாக விசை தரும் 250 சிசி வண்டியே கற்பவர்க்கு ஏற்றது என்பது நம் கருத்து.

வாங்கும் முன் நேரில் சோதித்தல்

நாம் வரும் முன் என்ஜினை இயக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே கூறிவிட வேண்டும். சென்றதும் என்ஜினைத் தொட்டுப் பார்த்து, அது குளிர்ந்திருப்பதை உறுதி செய்ய வேண்டும். குளிர்ந்த நிலையில் எளிதில் கிளம்பாத வண்டியின் குறைகள், சூடான பின் மறைந்துவிடக் கூடும். பின்னர் வரிசையாகப் பார்க்க வேண்டியவை:

அடித்தகடு: என்ஜினுக்குக் கீழுள்ள தகட்டில் கீறலும் நெளிவும் இயல்பே, அது அடிவாங்கவே பொருத்தப்பட்டது. ஆனால் அதையும் மீறி என்ஜின் உறையில் விரிசலோ பற்றவைத்த தடமோ இருந்தால் வாங்காமல் திரும்புவதே நன்று.

சட்டகம்: கால்மிதிகள் பொருந்தும் இடத்தில் ஓட்டுநரின் முழு எடையும் இறங்குகிறது. அங்கு மயிரிழை விரிசல் உண்டா என்று டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

பேரிங்குகள்: வண்டியைத் தாங்கியில் நிறுத்திப் பின்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்தால், தேய்ந்த பேரிங்குகள் ஆடித் தம்மைக் காட்டிக்கொடுக்கும். முன்சக்கரத்தை உயர்த்தி ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் தடுக்கினால், ஸ்டீயரிங் பேரிங்கை மாற்ற வேண்டியிருக்கும்.

கிளட்ச்: கியரில் போட்டுக் கிளட்சை முழுதும் பிடித்தபோதும் வண்டி முன்னே இழுத்துச் செல்கிறதா என்று காண வேண்டும். ட்ரயல்ஸில் மிகுதியாக உழைக்கும் உறுப்பு இதுவே.

விசிறி: என்ஜின் சூடேறும் வரை காத்திருந்து, விசிறி தானே சுழலத் தொடங்குவதைக் கண்ணால் பார்த்த பின்னரே புறப்பட வேண்டும்.

முன்ஃபோர்க்: எண்ணெய்க் கசிவு உண்டா என்றும், முன்னிருந்து நோக்கினால் இரு குழாய்களும் நேராக உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும்.

மாற்ற வேண்டிய ஒவ்வொன்றையும் தாளில் எழுதி, அதன் விலையை விசாரித்துக் கேட்ட விலையோடு கூட்டினால் வருவதே வண்டியின் உண்மையான விலை. உதிரிப் பாகங்களை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டுமாயின் சுங்க வரியும் அதில் சேரும்.

ஆவணமும் பணமும்

சாலைப் பதிவு பெற்ற வண்டியாயின் வழி தெளிவானது. ஆர்.சி.யில் உள்ள சேஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றுடன் பொருந்த வேண்டும். உரிமை மாற்றத்திற்குப் படிவம் 29, 30 தேவை. வண்டி வேறு மாநிலத்ததாயின் ஆட்சேபணையின்மைச் சான்றிதழுக்குப் படிவம் 28 தேவை. ஆர்.சி.யில் கடன் குறிப்பு இருந்தால், கடன் கொடுத்த நிறுவனம் ஒப்பமிட்ட படிவம் 35 இன்றிப் பணம் தரலாகாது. காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற, வாங்கியவர் 14 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

ட்ரயல்ஸ், மோட்டோகிராஸ் போட்டி வண்டிகளுக்கு ஆர்.சி. பொதுவாக இருப்பதில்லை, அவற்றைப் பொதுச் சாலையில் ஓட்டவும் இயலாது. முதல் விற்பனை ரசீதும் சுங்க வரி செலுத்திய ஆவணமுமே உரிமைக்குச் சான்று. அவை இல்லாத வண்டி எத்துணை மலிவாயினும் விலக்கத்தக்கது. ஆர்.சி. இல்லாததால் அதன்மீது கடன் குறிப்பைப் பதிய இயலாது; எனவே வழக்கமான இருசக்கர வாகனக் கடன் இதற்குப் பொருந்துவதில்லை. தனிநபர் கடனின் வட்டி பொதுவாகக் கூடுதல். பொழுதுபோக்குக்காகக் கூடுதல் வட்டி செலுத்துவதைவிட, தொடர் வைப்பில் மாதந்தோறும் சேமித்து வாங்குவதே அறிவுடைமை. எக்ஸ்பல்ஸில் பயிலும் மாதங்களே அந்தச் சேமிப்புக்கும் உரிய காலம்.

இறுதியாக ஒன்று. நம் நாட்டு மோட்டார் காப்பீட்டுப் பாலிசிகளின் வழக்கமான வாசகம், ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயத்தையும் வாகனங்களின் நம்பகத்தன்மைச் சோதனைகளையும் விலக்குகிறது. ட்ரயல்ஸ் என்னும் விளையாட்டு அத்தகைய சோதனைகளிலிருந்தே தோன்றியது. தனிநபர் விபத்துப் பாலிசிகள் பலவும் போட்டிகளில் நேரும் காயத்தை ஏற்பதில்லை. எனவே முதன்முறை களத்தில் இறங்கும் முன், நம்மிடம் உள்ள பாலிசியின் விலக்குப் பகுதியைப் பொறுமையாகப் படித்து, ஐயமிருப்பின் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவு பெறுதல் வேண்டும். மீண்டும் ஒருமுறை பணிக்குச் செல்ல இயலாத வாரங்கள் வந்தால், குடும்பத்தைக் காக்கப்போவது அந்தத் தாளே.