எந்த ஸ்கேன், எதற்கு?

எங்கள் வினாயகபுரத்தில் ஒருவருக்குப் பாரிசவாதம் வந்தால், பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு ஸ்கேன் சொல்லிவிட்டுப் போவார்கள். அப்பாவுக்கும் மாமாவுக்குமாக ஆஸ்பத்திரி அலைந்ததில் எனக்கு விளங்கியது இதுதான்: எல்லாருக்கும் திறமான ஸ்கேன் என்று ஒன்றில்லை. ஒவ்வொன்றும் ஒன்றைக் காட்டும், இன்னொன்றை விட்டுவிடும்.

தலையை ஸ்கேன் பண்ணி இரத்தக்கசிவு இல்லையென்று தெரிந்தபிறகு, மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாயைப் பார்க்கிறார்கள். வாதத்துக்குக் காரணமான பக்கத்தில் குழாய் 70 முதல் 99 வீதம் ஒடுங்கியிருந்தால் சத்திரசிகிச்சை நல்ல பயன் தரும் என்று 1991இல் நாசெற் ஆய்வு காட்டியது. 50 முதல் 69 வரை பயன் குறைவு. ஆகவே 65ஆ 75ஆ என்பது கத்தி வைப்பதா விடுவதா என்ற கேள்வி. முன்பு தொடைவழியாகக் குழாய் செலுத்தித்தான் பார்த்தார்கள். அதுவே சிலவேளை பாரிசவாதத்தைக் கொண்டுவந்துவிடும்.

அப்பாவுக்குக் கல்முனையில் முதலில் எடுத்தது டொப்ளர். கழுத்தில் ஜெல் பூசி, கருவியை வைத்து அமத்தினார்கள், அவ்வளவுதான். டொப்ளர் முக்கியமாக அளப்பது வேகத்தை. தண்ணிக் குழாயின் வாயை விரலால் அமத்தினால் சீறுவதுபோல, ஒடுங்கிய இடத்தில் இரத்தம் பாயும். செக்கனுக்கு 230 சென்ரிமீற்றரைத் தாண்டினால் 70 வீதத்துக்கு மேல் என்று கணக்கு. ஆனால் குழாயை ஒடுக்கும் படிவில் சுண்ணாம்பு ஏறியிருந்தால் நிழல் விழும். தாடைக்கு மேலே தெரியாது. எடுப்பவரின் கைப்பழக்கமும் சேரும்.

அடுத்தது மட்டக்களப்பில் சி.ரி. அன்ஜியோகிராம். "ஐயா, அசையாம, எச்சில் விழுங்காமப் படுங்க" என்றார்கள். கையில் சாயமருந்து ஏறியதும் உடம்பெல்லாம் சூடு பரவும். வெளியே வந்த அப்பா, "மகன், சாரம் நனைஞ்சிட்டுப் போல" என்று தடவிப் பார்த்தார். நனையவில்லை, எல்லாருக்கும் அப்படித்தான் இருக்குமாம். நெஞ்சிலிருந்து மூளை வரைக்கும் குழாய்கள் சில நிமிடத்தில் படமாகிவிடும்.

மாமாவுக்குக் கிட்னி வருத்தம். அதனால் சாயமில்லாத எம்.ஆர். அன்ஜியோகிராம். அதில் குழாய் ஓரிடத்தில் அறுந்ததுபோல் தெரிந்தது. டொப்ளரில் அதே இடத்தில் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது! கலங்கி ஓடும் இரத்தத்தைச் சாயமில்லாத எம்.ஆர். விட்டுவிடும். ஒடுக்கத்தைக் கூட்டிக் காட்டும்.

2006இல் லான்செற் சஞ்சிகையில் வந்த தொகுப்பாய்வில், 70–99 வீத ஒடுக்கத்தைக் கண்டுபிடிப்பதில் சாயம் ஏற்றிய எம்.ஆர். முன்னுக்கு நின்றது: நூற்றுக்கு 94. டொப்ளருக்கு 89. 50–69இல் எல்லாமே தடுமாறின.

நான் மற்றவர்களுக்குச் சொல்வது:

1. கிட்னியின் நிலையைக் காட்டும் கிறியற்றினின் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். சீனி வருத்தத்துக்கு மெற்போமின் குடிப்பதையும் பழைய ஒவ்வாமையையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

2. பேஸ்மேக்கர் மட்டுமல்ல, யுத்தகாலத்து ஷெல் துண்டு உடம்பில் இருந்தாலும் எம்.ஆர். அறைக்குள் போகுமுன் சொல்லியே ஆகவேண்டும்.

3. சத்திரசிகிச்சை என்றால், இரண்டு முறைகள் ஒத்துப்போகின்றனவா என்று கேளுங்கள்.

4. ரிப்போர்ட்டோடு சீடியையும் வாங்குங்கள். அடுத்த டொக்டர் படத்தைத்தான் பார்ப்பார்.

5. சத்திரசிகிச்சையின் பயன் வாதம் வந்த முதல் இரண்டு கிழமைக்குள்தான் அதிகம். டொப்ளருக்கு மாதக்கணக்கில் திகதி தந்தால், கிளினிக் கொப்பியோடு திரும்பிப்போய்க் கேளுங்கள். திறமான ஸ்கேனுக்காகக் காத்திருப்பதைவிட, கிட்ட இருக்கிற டொப்ளரை உடனே எடுப்பது மேல்.