நெற்சுணையும் கண்ணும்

படுவான்கரையில் வேளாண்மை வெட்டுக் காலம். சூடடிக்கும் மெசினருகே நிற்கும் ஒருவரின் கண்ணில் நெற்சுணை பட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் கண்ணைக் கசக்குகிறார். வீட்டில் தாய்ப்பால் விடுகிறார்கள். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று வைத்தியசாலைக்குப் போகாமல் கடையில் சொட்டு மருந்து வாங்குகிறார். சிவப்புக் குறைகிறது. ஆனால் பத்தாம் நாள் கண்ணின் கருமையில் வெள்ளைப் புள்ளி தெரிகிறது, பார்வையும் மங்குகிறது. நெல் விளையும் பல நாடுகளில் இவ்வாறுதான் ஏழைகள் கண்ணை இழக்கிறார்கள். இழக்கத் தேவையில்லை என்பதே இன்றைய பாடம்.

காரணம் என்ன?

கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. அதையே கருவிழிப் படலம் என்கிறோம். மண்ணிலும் வைக்கோலிலும் அழுகிய சருகிலும் பியுசேரியம், அஸ்பேஜிலசு முதலிய பங்கசுகள் வாழ்கின்றன. படலம் பழுதின்றி இருந்தால் அவை பெரும்பாலும் உள்ளே நுழையா. சுணையோ முள்ளோ கீறினால் வழி திறந்துவிடும். பங்கசு நூல் போல ஆழமாக வளர்ந்து படலத்தைத் தின்னும். முற்றினால் படலம் ஓட்டையாகும். கண்ணையே எடுக்க நேரிடலாம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994இல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 284 பேருக்கு முன்னதாகக் கண்ணில் காயம் பட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பங்கசே காரணம். அங்குள்ள வயல் வேலையும் வெப்பமும் நமக்குப் புதியவையல்ல.

சிகிச்சை எது?

பங்கசுப் புண்ணும் பற்றீரியாப் புண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். மருந்து மட்டும் வேறு. ஆகவே வைத்தியர் கண்ணை மரத்துப்போகச் செய்து, புண்ணைச் சிறிது சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்.

பங்கசு என்று தெரிந்தால் முதல் மருந்து நட்டமைசின் 5 வீதச் சொட்டு மருந்து. இது பழைய மருந்து. வொரிகோனசோல் என்ற புதிய மருந்து மேலானதோ என்று அறிய, அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளரைக் கொண்டு ஒரு பரிசோதனை நடந்தது. 2013இல் முடிவு வெளியானது: நட்டமைசினே சிறந்தது. அதிலும் பியுசேரியம் தொற்றியவர்களுக்கு வேறுபாடு பெரிதாக இருந்தது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் இதனை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

இந்த மருந்து படலத்தினுள் ஆழமாக ஊறுவதில்லை. அதனால் புண் சிறிதாயிருக்கும்போதே தொடங்க வேண்டும். அப்பரிசோதனையில் முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தடவையும், பின் மூன்று வாரம் நிறையும் வரை இரண்டு மணிக்கொரு தடவையும் விட்டார்கள். போத்தலைக் குலுக்கியே விட வேண்டும். நோவு குறைந்ததும் நிறுத்தக் கூடாது. மருந்துக்கு அடங்காத புண்ணுக்குக் கருவிழி மாற்றுச் சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

செய்யக் கூடாதவை

1. ஸ்டீரொயிட் கலந்த சொட்டு மருந்தைத் தானாக வாங்கி விடாதீர்கள். டெக்சாமெதசோன், பிரட்னிசொலோன் போன்றவை இவ்வகை. சிவப்பை அவை குறைக்கும். உடலின் எதிர்ப்புச் சக்தியையும் குறைத்துப் பங்கசை வளரவிடும்.
2. தாய்ப்பால், பச்சிலைச் சாறு, எண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள்.
3. கண்ணைக் கசக்காதீர்கள். குத்தியிருப்பதை நாக்காலோ துணி நுனியாலோ எடுக்காதீர்கள்.

செய்ய வேண்டியவை

சுத்தமான நீரால் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். "வயலில் சுணை பட்டது" என்று மறவாமல் சொல்லுங்கள். நேபாளத்தின் பக்தபூர் மாவட்டத்தில் கிராமத் தொண்டர்கள் கருவிழியில் கீறல் பட்டோருக்குக் குளோரம்பெனிக்கோல் களிம்பை நாளுக்கு மூன்று தடவையாக மூன்று நாள் இட்டார்கள். 2001இல் வெளியான அறிக்கையின்படி 442 கீறல்களில் 424 தொற்றின்றி ஆறின. 18 மணித்தியாலத்துள் சிகிச்சை தொடங்கிய 284 பேரில் ஒருவருக்கும் புண் வரவில்லை. அக்களிம்பு பங்கசைக் கொல்லும் மருந்தல்ல. புண் வந்தபின் அதை நம்பியிருக்கக் கூடாது. ஆனால் காயம் பட்ட முதல் நாளின் மதிப்பை இது நமக்குக் காட்டுகிறது.

சூடடிக்கும்போது அணியும் சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஆகும் செலவு, இழந்த கண்ணுக்கு முன் ஒன்றுமேயில்லை.

கலந்துரையாடலுக்கு

கமக்காரர் அமைப்பிலும் மாதர் சங்கத்திலும் இவற்றைப் பேசுங்கள்:

1. கண்ணில் காயம் பட்டவரை நம் ஊரிலிருந்து அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக என்ன வழி உண்டு?
2. அவருடைய அன்றைய கூலியை யார் ஈடுசெய்வது? மெசின் உரிமையாளரா, போடியாரா, சங்கமா?
3. அடுத்த வெட்டுக்கு முன் சங்கச் செலவில் எத்தனை கண்ணாடிகள் வாங்கலாம்?

இரண்டாவது கேள்விக்கு விடை காணாவிட்டால் மற்ற அறிவுரைகள் ஏட்டில்தான் இருக்கும். கூலிக்கு அஞ்சியே பலர் நாளைக் கடத்துகிறார்கள்.