புதைத்தவர் யார்?

கேள்வி: இரத்தம் தெறிக்காத, கிராமத்துச் சரித்திர மர்மக் கதை எழுத ஆசை. எங்கள் திருகோணமலையில் அதற்குக் கரு உண்டா?
- வாசகி, மூதூர்

பதில்: கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்களே! 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இன்றும் அந்தப் பிரெட்றிக் கோட்டை வாசலில் இரட்டைக் கயல் செதுக்கிய கல்லைப் பார்க்கலாம்.

கோயில் போனது, விக்கிரகங்கள் எங்கே? 1950இல் நகரசபை கிணறு வெட்டியபோது விடை கிடைத்தது. கோயிலிலிருந்து அரைக் கிலோமீற்றருக்குள் சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலான சோழர்காலச் செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள் இருந்தன. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோயில் இருந்த சுவாமிமலையின் அடிவாரக் கடலில் மூழ்கி, கோயில் தூண்களையும் சிற்பங்களையும் கண்டார்கள். கடலில் கிடந்தது இடித்தவர் தள்ளியது. மண்ணில் கிடந்தது பக்தர் ஒளித்தது என்றே கொள்ளலாம். ஒளித்தவர் பெயர்தான் எனக்குத் தெரிந்த எந்த ஏட்டிலும் இல்லை. உங்கள் கதை அங்கே தொடங்கட்டும்.

களம் தம்பலகாமம். தப்பிய மூர்த்தியை அங்கே கொண்டுபோய் ஆதிகோணநாயகர் கோயில் எழுப்பியதாக ஐதீகம். வயல், குளம், கோயில் மணியம், ஆளுக்காள் தெரிந்த ஊர். அங்கே ஓர் இரகசியத்தை ஒளிப்பதுதான் கஷ்டம்! துப்பறிபவராகப் பொலிஸ்காரர் வேண்டாம். பூமாலை கட்டும் ஆச்சி போதும். யார் வீட்டு விளக்கு இரவில் எரிந்தது என்று அவருக்குத்தானே தெரியும்?