வெட்டரிவாளைக் கீறலின்றித் தீட்டும் முறை

குடியானவர்களின் கைக்கருவிகளுள் வெட்டரிவாளைப்போல் நாள்தோறும் உபயோகப்படுவது வேறொன்றில்லை. வேலிமுள் கழிப்பதற்கும், வாழை வெட்டுவதற்கும், தென்னையில் காய்ந்த மட்டையை இறக்குவதற்கும், கரும்புக் கரணை நறுக்குவதற்கும் அதுவே வேண்டியிருக்கிறது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாள்போலப் பெயர்பெற்ற கருவியை விலைகொடுத்து வாங்கியவர்கள், அதைத் தகப்பனுக்குப்பின் மகன் ஆளும்படி வைத்திருக்க விரும்புவது இயல்பே. ஆயினும் நல்ல அரிவாள்களுட் பல, வெட்டுவதனால் தேய்வதைக் காட்டிலும் தவறாகத் தீட்டுவதனாலேயே விரைவில் கெடுகின்றன. அக்கேட்டைத் தவிர்க்கும் முறை கீழே விவரிக்கப்படுகிறது.

கீறலினால் வரும் நஷ்டம்

அலகின் பக்கங்களில் விழும் கீறல் அழகைமட்டும் கெடுப்பதாகச் சிலர் எண்ணக்கூடும். அது சரியன்று. கிராமக் கொல்லர்கள் பழைய மோட்டார் லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடிக்கும் அரிவாள், கரி கலந்த எஃகினாலாயது. துருப்பிடியாத எஃகில் உள்ள அளவு குரோமியம் இதில் இல்லாமையால், ஈரம் தங்கிய இடத்தில் துரு உடனே பற்றும். கீறல் என்பது ஈரமும் பயிர்ச்சாறும் தங்கும் சிறு வாய்க்காலேயாம். வழவழப்பான அலகை ஒருமுறை துடைத்தால் போதும். கீறல் விழுந்த அலகில் துடைத்தபின்னும் சாறு தங்கும்.

இதில் பயிருக்கும் அபாயம் உண்டு. 1944-45-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மறுதாம்புக் கரும்பின் குட்டை நோய், கரணை வெட்டும் கத்தியின் சாற்றினால் ஒரு கரும்பிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதாகும். ஆதலால் எளிதில் சுத்தஞ்செய்யத்தக்க அலகை வைத்திருப்பது பயிர்ப்பாதுகாப்பிலும் ஒரு பகுதியாகும்.

கீறுவது எது?

மணல் பெரும்பாலும் படிகக் கல்லின் துகளேயாகும். கடினத்தை 1 முதல் 10 வரை வகுத்துக் காட்டும் மோஸ் அளவில் படிகக் கல் 7-ஆம் படியிலுள்ளது. அரிவாளின் எஃகு அதற்குக் கீழ்ப்பட்டது. ஆகவே கல்லின்மீதோ துணியின்மீதோ கிடக்கும் ஒரே மணல்தான் அலகின் நெடுகிலும் கோடிழுத்துவிடும். வீட்டுப் படியிலும் கிணற்றடிக் கருங்கல்லிலும் அரிவாளைத் தேய்ப்பதனால் கூர் ஏறுவதுபோலத் தோன்றினும், அங்குள்ள மணலும் சேறும் அலகைப் பாழாக்குகின்றன.

தீட்டுவதற்குத் தக்க பொருள்களுள் குருந்தக்கல் நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவருவது. மேனாட்டார் இதற்கிட்ட ‘கொரண்டம்’ என்னும் பெயரும் நம் சொல்லிலிருந்து பிறந்ததேயாம். இதன் கடினம் 9-ஆம் படி. கடைகளில் கிடைக்கும் கார்பொரண்டம் கல், 1891-இல் அமெரிக்காவில் அச்செஸன் என்பவர் மின்னுலையில் உண்டாக்கிய பொருளினாலாயது. குருந்தத்தினும் சிறிது கடினமானது. இக்கற்களின் எண் பெரிதாகப் பெரிதாகப் பொடி நுண்ணியதாகும். ஒரு பக்கம் முரடும் மறுபக்கம் நயமுமாயுள்ள இரட்டைக் கல் ஒன்றும், வளைந்த மூக்கிற்காக விரல் நீளத்தில் உருண்ட விளிம்புள்ள சிறுகல் ஒன்றும் ஒரு குடும்பத்துக்குப் போதுமானவை.

தீட்டுமுன் செய்யவேண்டியவை

1. அரிவாளைத் தண்ணீரில் கழுவிப் பால், பிசின், மண் யாவும் போக்கிச் சுத்தமான துணியால் துடைக்கவேண்டும். பிசின் போகாவிடின் சிறிது மண்ணெண்ணெய் தடவித் துடைக்கலாம்.

2. கல்லைக் கால்மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, மேல்முகத்தைக் கையால் தேய்த்துக் கழுவவேண்டும். எண்ணெயிட்டுப் பழகிய கல்லுக்கு எண்ணெயையே உபயோகிக்கவேண்டும்.

3. நடுவில் பள்ளம் விழுந்த கல் கோணத்தைக் கெடுக்கும். அதனைச் சமமான கற்பலகையின்மேல் மணலும் நீரும் இட்டுத் தேய்த்துச் சமனாக்கலாம். பின்னர் மணலின் சுவடும் இல்லாதபடி கழுவவேண்டும்.

4. அலகின் இரு பக்கங்களிலும், வாய்ச்சரிவைமட்டும் விட்டு, ஒட்டும் துணிப்பட்டையைச் சுற்றிவிடுக. கை தவறினும் கல் பக்கத்தில் படாது. கொல்லனுடைய முத்திரையும் அழியாது.

தீட்டும் விதம்

அரிவாள் கனமாகவும் வளைவாகவும் இருப்பதால், அதை அசையாமல் வைத்துக் கல்லை நகர்த்துவதே நலம். மரக்கட்டையின்மேல் நனைத்த சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் அலகைப் படுக்கவைத்து, வாய் தம்மைவிட்டு அப்புறம் நோக்குமாறு பிடியை அழுத்திக்கொள்ளவேண்டும். கல்லை அதன் மேற்பக்கத்தில் பற்றவேண்டும். விரல்நுனி கல்லுக்குக் கீழே இறங்கலாகாது.

வெட்டுவேலைக்குரிய அரிவாளுக்கு ஒவ்வொரு பக்கமும் 25 பாகை அளவுள்ள சரிவு ஏற்றது. அதனினும் மெல்லிதாக்கினால் கட்டைகளில் பட்டவுடன் வாய் மடங்கும். 2 அங்குல அகலமுள்ள பலகையை மேசைமேல் படுக்கவைத்து, அதன் ஒரு விளிம்பை முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல் உயர்த்தினால் காணும் சாய்வே 25 பாகையாகும். இதனைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளலாம். மற்றொரு உபாயமும் உண்டு. விளக்குப்புகைக் கரியை எண்ணெயில் குழைத்து வாய்ச்சரிவில் தடவி, கல்லை இரண்டுமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும். கரி சரிவு முழுவதும் ஒரேசீராக நீங்கினால் கோணம் சரி. விளிம்பில்மட்டும் நீங்கினால் கல் அதிகமாக நிமிர்ந்துள்ளது. மேற்புறத்தில்மட்டும் நீங்கினால் கல் அதிகமாகப் படுத்துள்ளது என்று அறிக.

முரட்டுப் பக்கத்தால் சிறு வட்டங்களாகச் சரிவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தேய்த்துச் செல்லுக. மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழுந்தது விரலால் தடவும்போது தெரியும். தடவும் விரல் முதுகிலிருந்து வாயை நோக்கியே செல்லவேண்டும், வாயின் நெடுகிலும் ஓடலாகாது. வாய் முழுவதும் பிசிறு எழுந்தபின் அரிவாளைத் திருப்பி அவ்வாறே செய்க. வளைந்த மூக்கிற்குச் சிறுகல்லையே உபயோகிக்கவேண்டும்.

முரட்டுக் கல்லிலிருந்து நயக்கல்லுக்கு மாறும்போது அரிவாள், கை, கல், சாக்கு ஆகிய நான்கையும் கழுவுவது அவசியம். முரட்டுக் கல்லின் ஒரு துகள் நயக்கல்லில் தங்கினாலும் அதுவரை செய்த வேலை வீணாகும். கீறல் விழுவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். நயக்கல்லில் அழுத்தம் குறையவேண்டும். முடிவில் பழைய தோல்வாரின்மேல் வாயைப் பின்னோக்கி நாலைந்துமுறை இழுத்தால் பிசிறு நீங்கும். வாயை வெயிலில் ஏந்திப் பார்க்கும்பொழுது மழுங்கிய இடம் வெள்ளைக்கோடாக மின்னும். கூரிய இடத்தில் ஒன்றும் மின்னாது.

விலக்கவேண்டியவை

மின்விசையால் சுழலும் சாணையில் வறட்சியாகப் பிடிப்பது பெருங்கேடு. கொல்லன் எஃகைத் தோய்த்து ஏற்றிய உரம் சூட்டினால் இறங்கிவிடும். சுமார் 220 பாகை சென்டிகிரேடில் எஃகு வெளிர்பொன் நிறமும், ஏறக்குறைய 300 பாகையில் நீலமும் அடையும். வாய் நீலித்த அரிவாளைத் தீட்டினாலும் கூர் நில்லாது. சாணை பிடித்தே ஆகவேண்டுமாயின் நொடிக்கொருமுறை தண்ணீரில் தோய்க்கவேண்டும்.

துருவைப் போக்கச் செங்கற்பொடியையும் உமிச்சாம்பலையும் இடுவது வழக்கம். முன்னதில் மணலும், பின்னதில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட மணற்சத்தும் உள்ளமையால் இரண்டும் அலகைக் கீறும். துணியில் சலித்த விறகுச்சாம்பலை மண்ணெண்ணெயில் குழைத்து, அலகின் நெடுக்குவாட்டில் மெல்லத் துடைப்பதே போதும்.

காப்பாற்றும் வகை

வேலை முடிந்தவுடன் கழுவித் துடைத்து, உலர்ந்தபின் மெல்லியதாக எண்ணெய் தடவுக. வாழைச்சாறும் எலுமிச்சைச்சாறும் பட்ட அலகை மறுநாள்வரை விடலாகாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கூரையிறப்பில் செருகிவைத்தால் சாரலில் துருவேறும். தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளுமாதலால், உறைக்குள் நெடுநாள் இடுவதும் தகாது. உரமூட்டைகளின் அருகிலும் வைக்கவேண்டாம். அவ்வுப்புக்கள் காற்றின் ஈரத்தை இழுத்து எஃகை அரிக்கும். உலர்ந்த இடத்தில், குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், தொங்கவிடுதலே சிறந்தது.

விதைக்கரணை வெட்டும்போது ஒரு வயலிலிருந்து மறுவயலுக்குச் செல்லுமுன் அலகைக் கழுவி 70 சதவீத ஸ்பிரிட்டினால் துடைக்கவேண்டும். நெருப்பில் காட்டிச் சுத்தஞ்செய்யின் உரம் இறங்கும்.

கூலியாட்களின் கையில் மழுங்கிய அரிவாளைக் கொடுப்பது அவர்களுடைய கைகால்களுக்கே ஆபத்தாகும். மழுங்கிய வாய் மரத்தில் பதியாமல் வழுக்கிக் காலில் பாயும். ஆதலின் நிலமுடையோர் அறுவடைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்னதாகவே தம் அரிவாள்களைத் தீட்டிவைத்துக்கொள்வாராக. கிராம அதிகாரிகளும் விவசாயக் கூட்டங்களில் இம்முறையை ஒருமுறை செய்துகாட்ட ஏற்பாடு செய்தால், சொல்லிக் கேட்பதினும் கண்டறிவது பெரிதும் பயன்படும்.