சிவப்பு லைட்டைச் சும்மா விடாதீங்க!



பழைய மாருதி ஆம்னி வேன் வாங்கி வாடகைக்கு விடும் ஒரு குழுவைப் பார்க்கப் போயிருந்தேன். வேன் ஓடாமல் வாசலில் நின்றது. "இன்ஜின் ஜாம் ஆயிருச்சு மேடம். ரெண்டு நாளா சிவப்பு லைட்டு எரிஞ்சுது. சென்சார்தான் கெட்டுப்போச்சுன்னு டிரைவர் தம்பி வயரைப் புடுங்கி விட்டுட்டாரு" என்றார் குழுத் தலைவி. இன்ஜின் வேலைக்கே சேமிப்பு கரைந்தது. வாடகை வராததால் கடன் தவணையும் நின்றது. அந்தச் சென்சாரைப் பற்றி இந்த மாதம் தெரிந்துகொள்வோம்.

ஆயில் பிரஷர் என்றால் என்ன?

இன்ஜினுக்குள் இரும்போடு இரும்பு உரசாமல் இருக்க, ஒரு பம்ப் ஆயிலை அழுத்தி எல்லா இடத்துக்கும் அனுப்புகிறது. நம் உடம்பில் ரத்த அழுத்தம் மாதிரிதான். அழுத்தம் போய்விட்டால் சில நிமிடங்களிலேயே பேரிங் தேய்ந்து இன்ஜின் இறுகிவிடும்.

எப்படி அடையாளம் காண்பது?

1. ஸ்விட்ச் வகை: ஆம்னி, மாருதி 800 வண்டிகளில் இதுதான். சிறியதாக, இன்ஜினில் திருகப்பட்டிருக்கும். தலையில் ஒரே ஒரு வயர். அழுத்தம் இல்லாதபோது லைட்டை எரிய வைக்கும், வந்ததும் அணைக்கும். எவ்வளவு அழுத்தம் என்று சொல்லாது.

2. மீட்டர் வகை: முள் காட்டும் மீட்டர் உள்ள பழைய ஜீப் போன்ற வண்டிகளில் இருக்கும். பெரும்பாலும் டப்பா போல் பெரிதாக இருக்கும்.

ஒன்றுக்குப் பதில் மற்றதை மாட்டக்கூடாது. கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள்.

தினமும் காலையில்

சாவியைத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். எண்ணெய்க் கேன் படம் போட்ட சிவப்பு லைட் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் சில விநாடிகளில் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியலைன்னா நல்லதுன்னு நினைக்காதீங்க. பல்பு போயிருக்கலாம், வயர் கழன்றிருக்கலாம். அப்போது ஆபத்து வந்தாலும் நமக்குத் தெரியாது.

ஓடும்போது எரிந்தால்

• உடனே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். "வீடு வரைக்கும் போயிடலாம்" என்பது வேண்டாம்.
• சமதரையில் சில நிமிடம் விட்டு, ஆயில் குச்சியைத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் ஊற்றுங்கள்.
• ஆயில் சரியாக இருந்தும் லைட் எரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். கட்டி இழுத்துப் போங்கள்.
• சென்சார் கெட்டதா, பம்ப் கெட்டதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் மீட்டரை மாட்டிப் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

சென்சார் விலை குறைவு. இன்ஜின் வேலைதான் நம்மைச் சாய்க்கும். வண்டி குழுவின் சொத்து. வண்டி ஓட்டத் தெரியாதவர்களும் இதைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் வண்டியில் சாவி போட்டதும் சிவப்பு லைட் எரிகிறதா?
2. கடைசியாக ஆயில் மாற்றிய தேதியை யார் எழுதி வைக்கிறார்கள்?