பல்லதிர்விச் சுற்றுகளும் அவற்றின் பயன்களும்

மின்சாரத்தை உற்பத்தி செய்வது பற்றியும், அதனை ஊர்தோறும் கொண்டு சேர்ப்பது பற்றியும் வளர்ச்சித் திட்டங்களில் விரிவாகப் பேசப்படுகிறது. அம்மின்சாரம் எந்தக் கணத்தில் பாய வேண்டும், எவ்வளவு நேரம் பாய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சிறு சுற்றுகள் அந்த அளவுக்குக் கவனம் பெறுவதில்லை. அச்சுற்றுகளுள் அடிப்படையானது 'மல்டிவைபிரேட்டர்' எனப்படும் பல்லதிர்வி ஆகும். இதன் பயனை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2022-இல் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்படுவதற்கு முன்பிருந்த சித்தூர் மாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே காட்டோர வேலி, வயல்வெளி நீரேற்றி, வான் ஆய்வு ரேடார் என மூன்று எடுத்துக்காட்டுகள் கிடைக்கின்றன.

முதல் உலகப் போர்க் காலத்தில் ஆப்ரகாம், பிளாக் என்னும் பிரெஞ்சு அறிவியலார் இருவர் இரண்டு வால்வுகளைக் கொண்டு இச்சுற்றினை அமைத்து, 1919-இல் அதன் விவரங்களை வெளியிட்டனர். இச்சுற்று தரும் சதுர அலையில் அடிப்படை அதிர்வெண்ணுடன் அதன் பல மடங்கு அதிர்வெண்களும் கலந்திருக்கும். 'பல அதிர்வுகளைத் தருவது' என்ற பொருளில் பெயர் அமைந்ததற்கு இதுவே காரணம். வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது; டிரான்சிஸ்டர்கள் பல சேர்ந்து ஒரே சில்லில் அமர்ந்தன. சுற்றின் தத்துவம் மட்டும் மாறவில்லை.

நிலையிலாப் பல்லதிர்வி

இவ்வகையில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் எதிரெதிராக இணைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றின் ஏற்பானும் ஒரு மின்தேக்கி வழியாக மற்றதன் அடிவாயுடன் சேர்க்கப்படும். முதல் டிரான்சிஸ்டர் மின்னைக் கடத்தத் தொடங்கியதும் அதன் ஏற்பானின் மின்னழுத்தம் சட்டெனக் குறைகிறது. இந்தக் குறைவு மின்தேக்கி வழியாக இரண்டாவதன் அடிவாயை எட்டி, அதனை அடைத்து விடுகிறது. ஆனால் அடைப்பு நிலைத்து நிற்பதில்லை. மின்தேக்கியின் மின்னூட்டம் ஒரு மின்தடை வழியாகச் சிறிது சிறிதாக மாறுகிறது. அடிவாயின் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.6 வோல்ட்டை எட்டியவுடன் இரண்டாம் டிரான்சிஸ்டர் விழித்துக்கொண்டு முதலாவதை அடைக்கிறது. கிணற்றடி ஏற்றத்தில் ஒரு முனை தாழ மறுமுனை உயர்வது போல இம்மாற்றம் ஓயாது நடைபெறும். வெளியிலிருந்து தூண்டுதல் ஏதும் தேவையில்லை.

ஒவ்வொரு பாதியின் கால அளவும் மின்தடை, மின்தேக்கி ஆகியவற்றின் பெருக்குத்தொகையை 0.69-ஆல் பெருக்கக் கிடைப்பதாகும். 1 லட்சம் ஓம் மின்தடையும் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் இருந்தால் ஒரு பாதி 0.69 விநாடி, முழுச் சுழற்சி 1.38 விநாடி. வாகனங்களில் திரும்புவதை அறிவிக்கும் கண்சிமிட்டும் விளக்குகளுக்கு இவ்வகைச் சுற்றினைப் பயன்படுத்தலாம். அதைக் காட்டிலும் முக்கியமான ஒரு பயன், உயிர் சம்பந்தப்பட்டது.

சித்தூர் மாவட்டத்தின் பலமநேர், குப்பம் பகுதிக் காடுகளுக்கு 1980-களில் தமிழகப் பக்கமிருந்து யானைகள் வந்து தங்கலாயின. அப்பகுதியில் கௌண்டின்யா வனவிலங்கு சரணாலயம் அமைந்துள்ளது. காட்டோர நிலங்களில் கரும்பையும் நெல்லையும் காப்பதற்கு இருவகை மின்வேலிகள் வழக்கில் உள்ளன. ஒன்று, சூரிய மின்கலத்தால் இயங்கும் துடிப்பு வேலி. மற்றொன்று, மின்கம்பத்திலிருந்து கள்ளத்தனமாக இழுத்துக் கட்டப்படும் கம்பி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். துடிப்பு வேலியில் 5,000 வோல்ட்டுக்கு மேலும் அழுத்தம் உண்டு. கள்ளக் கம்பியில் இருப்பதோ 230 வோல்ட். எனினும் கொல்வது பின்னதே.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் காலக் கணக்கு. துடிப்பு வேலியின் கருவியில் ஒரு மின்தேக்கி மெதுவாக மின்னேற்றம் பெறுகிறது. காலச் சுற்று ஆணையிட்டதும் அது ஒரு மின்மாற்றி வழியாக நொடிப்பொழுதில் வேலியில் கொட்டி விடுகிறது. பன்னாட்டுத் தர விதிப்படி ஒரு துடிப்பு 10 மில்லி விநாடிக்கு மேல் நீடிக்கலாகாது; அடுத்த துடிப்புக்குக் குறைந்தது 1 விநாடி இடைவெளி வேண்டும்; 500 ஓம் தடைக்கு ஒரு துடிப்பில் செல்லும் ஆற்றல் 5 ஜூலைத் தாண்டலாகாது. தொட்டவர் துணுக்குற்றுக் கையை இழுத்துக்கொள்ள அந்த 1 விநாடி போதும். கள்ளக் கம்பியிலோ இடைவெளியே இல்லை. தசைகள் இறுகுவதால் பற்றிய கை விடுபடாது. உடலின் தடையை 1,000 ஓம் எனக் கொண்டால் விநாடிக்கு 53 ஜூல் வீதம் ஆற்றல் பாய்ந்துகொண்டே இருக்கும். யானைகள் மட்டுமன்றி, இரவில் நீர் பாய்ச்சச் செல்லும் உழவர்களும் இத்தகைய கம்பிகளால் உயிரிழக்கின்றனர். இது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படியும் குற்றமாகும். இக்கம்பியைக் கட்டுபவர் பெரும்பாலும் கொடியவர் அல்லர். ஒரு பருவத்து விளைச்சலை ஒரே இரவில் இழக்க அஞ்சும் சிறு உழவர். ஆதலின் சட்டத்தோடு, வாங்கக்கூடிய விலையில் நல்ல துடிப்புக் கருவி கிடைப்பதும் அவசியம்.

ஒரு நிலைப் பல்லதிர்வி

இதில் மின்தேக்கி இணைப்பு ஒரு பக்கம் மட்டுமே உண்டு. மறுபக்கம் மின்தடை இணைப்பு. சுற்று எப்போதும் ஒரே நிலையில் ஓய்ந்திருக்கும். தூண்டு துடிப்பு ஒன்று வந்தால் மறுநிலைக்குச் சென்று, குறித்த நேரம் அங்கிருந்து, தானே திரும்பி விடும்.

நகரி, விஜயபுரம் முதலிய வட்டாரங்களின் ஆழ்துளைக் கிணறுகளை நோக்குக. வேளாண்மைக்கான மும்முனை மின்சாரம் குறித்த மணி நேரங்களுக்கு மட்டும் வழங்கப்படுவதால், மின்சாரம் வந்தவுடன் தானே இயங்கும்படி பல உழவர்கள் தானியங்கி ஸ்டார்ட்டர் பொருத்தியுள்ளனர். மோட்டார் கிளம்பும்போது இயல்பான மின்னோட்டத்தைப் போல் 5, 6 மடங்கு இழுக்கும். ஒரே மின்மாற்றியைச் சார்ந்த மோட்டார்கள் அனைத்தும் ஒரே கணத்தில் கிளம்பினால் அழுத்தம் சரியும், மின்மாற்றியும் பழுதாகும். ஒவ்வொரு மோட்டாரும் வெவ்வேறு அளவு காத்திருந்து கிளம்பச் செய்வது இதற்கு எளிய பரிகாரம். 1970-களின் தொடக்கத்தில் சிக்னெடிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 555 என்னும் காலச் சில்லினை ஒரு நிலைச் சுற்றாக அமைத்தால், கால அளவு பெருக்குத்தொகையின் 1.1 மடங்கு. 10 லட்சம் ஓம், 100 மைக்ரோஃபாரட் எனில் 110 விநாடி. இந்த அளவு மின்தேக்கிகள் சற்றே கசியும் இயல்புடையவை என்பதால் 110 விநாடி 130-ஆகவும் நீளக்கூடும். நீரேற்றிக்கு அதனால் கேடில்லை.

இரு நிலைப் பல்லதிர்வி

இங்கு இருபுறமும் மின்தேக்கிக்கு இடமில்லை. சுற்று எந்த நிலையில் விடப்பட்டதோ, அடுத்த தூண்டுதல் வரும்வரை அதே நிலையில் நிற்கும்; அதாவது நினைவில் வைத்துக்கொள்ளும். எக்கிள்ஸ், ஜோர்டன் என்னும் ஆங்கிலேயர் 1918-இல் இதற்குக் காப்புரிமை கோரினர். கணிப்பொறிகளின் பதிவேடுகளும் எண்ணிகளும் இதன் அடிப்படையில் எழுந்தவை. இரண்டு துடிப்புகள் நுழைந்தால் ஒன்று வெளிவருமாறு அமைக்கலாம். குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது; 15 இரு நிலைச் சுற்றுகளை வரிசையாக அமைத்து அதனை விநாடிக்கு ஒரு துடிப்பாகக் குறைக்கின்றனர்.

படிகமும் எண்ணியும் ஏன் தேவைப்படுகின்றன என்பதற்கு விடை திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில், காதங்கியில் உள்ளது. 1990-களின் தொடக்கத்தில் அங்கு நிறுவப்பட்ட வான் ஆய்வு ரேடார் 1,024 யாகி ஆண்டெனாக்களைக் கொண்டு (தொடக்கத்தில் 32 அலைபரப்பிகள் இருந்தன), 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வானை நோக்கித் துடிப்புகளை அனுப்புகிறது. மேலே வீசும் காற்றின் வேகத்தை எதிரொலியால் அளக்கிறது. இன்று இது தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தின் பகுதி. ரேடாரில் 1 மைக்ரோ விநாடி என்பது 150 மீட்டர் உயரத்துக்குச் சமம். 15 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எதிரொலி திரும்ப 100 மைக்ரோ விநாடி ஆகும். இக்கணக்கில் நூற்றுக்குப் பத்து பிழை நேர்ந்தால் 15 கிலோமீட்டர் காற்று 16.5 கிலோமீட்டராகப் பதிவாகும். மின்தடையையும் மின்தேக்கியையும் நம்பிய காலக் கணக்கு இத்தகைய பணிக்கு உதவாது; படிகத்தின் அதிர்வை எண்ணியே காலத்தை வகுக்க வேண்டும்.

ஆகவே துல்லியத்துக்கு எவ்வளவு செலவிடுவது என்பது பணியைப் பொறுத்தது. வேலியின் துடிப்பு 1.38 விநாடிக்குப் பதில் 1.5 விநாடிக்கு ஒருமுறை வந்தால் யானை கணக்குப் பார்க்காது. ஆனால் 1 விநாடிக்கும் கீழே இறங்கலாகாது. வெயிலில் காயும் பெட்டிக்குள் மலிவான மின்தேக்கி நாளடைவில் உலர்ந்து கொள்ளளவு குறையும். அப்போது துடிப்பு விரைவாகும், அதாவது பிழை ஆபத்தான திசையில் செல்லும். இக்காலக் கருவிகள் பலவற்றில் நுண்கட்டுப்படுத்திச் சில்லுகளே காலத்தை வகுப்பினும், நாட்டுப்புறப் பணிமனைகளில் பழைய சுற்றுகள் இன்னும் செப்பனிடப்பட்டே வருகின்றன. வேலிக் கருவி வாங்கும் அலுவலர்கள் விலைப்புள்ளியில் வோல்ட் அளவை மட்டும் கேட்பது போதாது. துடிப்பின் நீளம், இடைவெளி, ஆற்றல் ஆகிய மூன்றையும் கேட்டு, நிறுவிய அன்றும் பின்னர் ஒவ்வொரு கோடையின் முடிவிலும் அளந்து பதிவு செய்ய வேண்டும். துடிப்பு அறவே நின்றுபோன வேலியையும் அன்றே கண்டறிய வேண்டும். அது செத்துக் கிடப்பதை யானைகள் விரைவில் அறிந்துகொள்ளும், பயிரை இழந்த உழவர் மறுநாளே மின்கம்பத்தை நாடுவார்.