படித்த பிறகே கையெழுத்து

உத்தராகண்ட் மாநிலத்தில் பௌரி கட்வால் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அது இமயமலைப் பகுதி. அங்கே வயல்கள் படிக்கட்டுகள் போல இருக்கும். கேழ்வரகும் கோதுமையும் விளையும். ஆனால் அந்த விளைச்சல் ஆண்டு முழுவதும் போதாது. அதனால் ஆண்கள் வேலை தேடி வெளியூர் போவார்கள். பலர் ராணுவத்தில் சேருவார்கள்.

அந்த மாவட்டத்தில் லான்ஸ்டவுன் என்ற மலை ஊர் உண்டு. கட்வால் ரைபிள்ஸ் படைப்பிரிவின் பயிற்சி மையம் அங்கேதான் இருக்கிறது. அந்தப் படைப்பிரிவு 1887-ஆம் ஆண்டு தொடங்கியது. தாத்தா, தந்தை, மகன் என்று தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்குப் போன குடும்பங்கள் அங்கே உண்டு.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தின் கதை இது.

மகன் கொண்டு வந்த தாள்

மகனுக்கு வயது 17 முடிந்து எட்டு மாதம். 10-ஆம் வகுப்பு தேறியவன். ராணுவத்தில் சேர வேண்டும் என்பது அவன் ஆசை. தினமும் விடியற்காலையில் மலைப்பாதையில் ஓடுவான். கணினியில் நடக்கும் எழுத்துத் தேர்வில் தேறினான். 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தில் தேறினான். மருத்துவப் பரிசோதனையிலும் தேறினான்.

ஒரு நாள் மாலை. அம்மா புல்லுக்கட்டை இறக்கி வைத்தாள். மகன் சில தாள்களை நீட்டினான்.

"இங்கே ஒரு கையெழுத்துப் போடும்மா" என்றான்.

"நான் எதற்குப் போட வேண்டும்?"

"எனக்கு 18 வயது ஆகவில்லை. அதனால் பெற்றோர் கையெழுத்து வேண்டும்."

அம்மா முன்பெல்லாம் கைநாட்டு வைப்பாள். எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்த பிறகுதான் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொண்டாள். அவள் கையைக் கழுவினாள். விளக்கருகே உட்கார்ந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினாள்.

"எல்லாம் படிக்க வேண்டாம் அம்மா. கையெழுத்து மட்டும் போதும்" என்றான் மகன்.

"படிக்காமல் போடுவதற்குக் கைநாட்டே போதுமே!" என்றாள் அம்மா.

அம்மா படித்தது என்ன?

அம்மாவின் அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். அவருக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வந்தது. அவர் இறந்த பிறகு பாட்டிக்கு வந்தது. அந்தப் பணத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. மகனுக்கும் அப்படித்தான் கிடைக்கும் என்று அம்மா நினைத்திருந்தாள்.

தாளில் வேறு மாதிரி இருந்தது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அரசு அக்னிபத் திட்டத்தை அறிவித்தது. இதில் சேருபவர்களுக்கு அக்னிவீரர் என்று பெயர். அந்தத் திட்டத்தின் விதிகள் இவை:

1. பணிக்காலம் 4 ஆண்டுகள். பயிற்சிக் காலமும் இதில் அடங்கும்.

2. 4 ஆண்டுகள் முடிந்த பிறகு, 100 பேரில் அதிகபட்சம் 25 பேர் நிரந்தரப் பணிக்குத் தேர்வு பெறலாம். மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டும்.

3. முதல் ஆண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் 9,000 ரூபாய் சேமிப்புக்குப் பிடிக்கப்படும். நான்காம் ஆண்டு சம்பளம் 40,000 ரூபாய். அதில் பிடித்தம் 12,000 ரூபாய்.

4. பிடித்த தொகைக்குச் சமமான தொகையை அரசும் போடும். 4 ஆண்டு முடிவில் வட்டியுடன் சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய் கிடைக்கும். இதற்குச் சேவா நிதி என்று பெயர்.

5. நான்கு ஆண்டில் திரும்புபவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது.

6. 48 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு உண்டு. இதற்கு வீரர் பணம் கட்ட வேண்டியதில்லை.

ஐந்தாவது விதியை அம்மா இரண்டு முறை படித்தாள்.

"இது உனக்கு முன்பே தெரியுமா?" என்று கேட்டாள்.

மகன் தலை குனிந்தான். "தெரியும். சொன்னால் நீ கையெழுத்துப் போட மாட்டாய் என்று பயந்தேன்."

சுபேதார் சொன்னது

மறுநாள் அம்மா மகனை அழைத்துக்கொண்டு ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனாள். அவர் ஓய்வு பெற்ற சுபேதார்.

"சுபேதார் ஐயா, என் மகனுக்கு ஆபத்து வருமா?" என்று கேட்டாள்.

"வராது என்று சொன்னால் அது பொய் மகளே. 1999-இல் கார்கில் போர் நடந்தது. என்னோடு சேர்ந்தவர்களில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை" என்றார் பெரியவர்.

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நான்கு ஆண்டு கழித்து இவன் என்ன செய்வான்?" என்று கேட்டாள்.

"10-ஆம் வகுப்பு முடித்தவர்கள் பணியில் இருந்தபடியே 12-ஆம் வகுப்பு முடிக்கலாம். அதற்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு இடஒதுக்கீடும் உண்டு. ஆனால் தேர்வு எழுதித் தேற வேண்டும். வேலை தானாக வராது."

பெரியவர் மகனைப் பார்த்தார். "இன்னொன்று தம்பி. சேர்த்து விடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதே. அவன் ஏமாற்றுக்காரன். தேறினால் பணம் இல்லாமலே சேரலாம்" என்றார்.

அம்மாவின் முடிவு

அன்று இரவு அம்மா டில்லியில் வேலை செய்யும் கணவனிடம் தொலைபேசியில் பேசினாள். எல்லா விதிகளையும் படித்துக் காட்டினாள். பிறகு மகனைக் கூப்பிட்டாள்.

"பென்ஷன் இல்லை. திரும்பி வந்தால் உனக்கு 22 வயதுக்குள்தான் இருக்கும். ஆபத்தும் உண்டு. இவ்வளவும் தெரிந்த பிறகும் போக விரும்புகிறாயா? வேண்டாம் என்றால் உன்னை யாரும் குறை சொல்ல மாட்டோம்."

"போகிறேன் அம்மா. 12-ஆம் வகுப்பையும் முடிக்கிறேன். இனி உன்னிடம் எதையும் மறைக்க மாட்டேன்" என்றான் மகன்.

"சேவா நிதிப் பணம் உன்னுடையது. அதை நம்பி வீட்டில் யாரும் கடன் வாங்க மாட்டோம். அந்தப் பணத்தில் நீ தொழில் தொடங்கு. அல்லது மேலே படி" என்றாள் அம்மா.

அம்மா பேனாவை எடுத்தாள். ஒவ்வோர் எழுத்தாக மெதுவாகத் தன் பெயரை எழுதினாள். தாள்களின் நகல் ஒன்றைப் பெட்டியில் பத்திரமாக வைத்தாள்.

மகன் புறப்பட்ட நாளில் அவள் பேருந்து நிற்கும் இடம் வரை போனாள். பேருந்து வளைவில் மறையும் வரை அழவில்லை. அதன் பிறகு அழுதாள்.

நினைவில் கொள்ளுங்கள்

விதிகள் மாறலாம். அந்தந்த ஆண்டு வரும் அறிவிப்பைப் படியுங்கள். புரியாததைத் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

சொல்லும் பொருளும்

படிவம் – விவரங்களை எழுதித் தரும் தாள்
நகல் – ஒரு தாளைப் போலவே எடுத்த இன்னொரு தாள்
ஓய்வூதியம் – பென்ஷன்

கணக்குப் போடுங்கள்

முதல் ஆண்டில் பிடித்தம் போக மாதம் எவ்வளவு கைக்கு வரும்?

கூடிப் பேசுங்கள்

1. மகன் ஏன் விதியை மறைத்தான்? அது சரியா?
2. நீங்கள் அந்தத் தாயாக இருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்?
3. படிக்காமல் கையெழுத்துப் போட்டு யாராவது துன்பப்பட்டது உண்டா?